யார் கையில் இருக்கிறது?

கேள்வி-பதில்: இந்த முறை டிஸ்க் டிரைவர்களும் ரேஸ் கண்டிஷனும்

கேள்வி: ரேஸ் கண்டிஷன் என்கிறார்களே, யாருக்கும் யாருக்கும் பந்தயம்? – பள்ளி ஆசிரியை

பதில்: ஒரே பொருளைத் தொடும் இரண்டு கைகளுக்கு. பஸ்ஸில் ஒரு காலி இருக்கையைப் பார்க்கிறீர்கள், போய் உட்காருகிறீர்கள். பார்ப்பது ஒரு செயல், உட்காருவது இன்னொரு செயல். நடுவே நான்கு அடி தூரம். அந்த நான்கு அடிக்குள் இன்னொருவரும் அதே இருக்கையைப் பார்த்துவிட்டால் சண்டைதான். நம் ஊரில் இதற்குக் கண்ட வழி, ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது. பார்ப்பதும் பிடிப்பதும் ஒரே வீச்சில் முடிந்துவிடும். சிபியுவிலும் அப்படி ஒரு கட்டளை உண்டு. ‘காலியா என்று பார், காலி என்றால் என் அடையாளத்தை வை’ என்ற இரண்டையும் நடுவில் யாரும் நுழைய முடியாதபடி ஒரே செயலாகச் செய்யும். அட்டாமிக் ஆபரேஷன் என்று பெயர். இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இன்று உள்ள லாக்குகள் எல்லாம் அந்தத் துண்டை வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

ரேஸ் என்பது வேகத்தின் குற்றம் அல்ல. ‘இதை இப்போது நான் மட்டும்தான் தொடுகிறேன்’ என்று டிரைவரை, அதாவது சாதனத்தை ஓட்டும் கெர்னல் நிரலை, எழுதியவர் மனதில் வைத்திருந்த ஒரு நம்பிக்கை பொய்யாகும் கணம் அது.

கேள்வி: ஒரே ஒரு கோர் உள்ள கம்ப்யூட்டரில் ரேஸ் வராதுதானே? – டிப்ளமோ மாணவர்

பதில்: வரும். டிரைவர் ஒரு பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே ‘என்னைக் கவனி’ என்று டிஸ்க்கிலிருந்து இன்டரப்ட் வரும். பாதி வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, அதே கோர் இன்டரப்ட் ஹேண்ட்லரை ஓட்டும். ஹேண்ட்லர் தொடுவதும் அதே பட்டியலைத்தான். போதாததற்கு, டிஸ்க்குக்குள்ளேயே ஒரு புராசஸர் இருக்கிறது. அது டிஎம்ஏ வழியாக உங்கள் மெமரியில் நேராகவே எழுதும், உங்களிடம் கேட்டுவிட்டு எழுதாது. கோர் ஒன்றாக இருக்கலாம், கைகள் ஒன்றல்ல.

கேள்வி: பிரிண்டர் டிரைவரில் தப்பு நடந்தால் ஒரு தாள் வீண். ஸ்டோரேஜ் டிரைவருக்கு மட்டும் ஏன் இத்தனை பயம்? – வங்கி ஊழியர்

பதில்: திரையில் ஒரு கோடு தவறாக வந்தால் அடுத்த முறை திரை புதுப்பிக்கப்படும்போது போய்விடும். டிஸ்க்கில் தவறாக விழுந்த எழுத்து அங்கேயே உட்கார்ந்துவிடும். மறுநாள் பேக்கப் எடுப்பீர்கள், தவறும் பேக்கப்பில் ஏறும். மாதம் கழித்து அந்த ஃபைலைத் திறக்கும் நாளில்தான் தெரியவரும். அதற்குள் நல்ல பிரதிகள் இருந்த பழைய பேக்கப்பெல்லாம் சுழற்சியில் அழிந்திருக்கும். வேறு எந்த டிரைவரின் பிழைக்கும் இவ்வளவு நீண்ட ஆயுள் கிடையாது.

இரண்டாவது காரணம் வரிசைகளின் எண்ணிக்கை. பழைய சாட்டா டிஸ்க்குகளின் ஏஹெச்சிஐ முறையில் ஒரு போர்ட்டுக்கு ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். 2011-ல் வந்த என்விஎம்இ தரத்தில் 64 ஆயிரம் வரிசைகள் வரை வைக்கலாம், ஒவ்வொன்றிலும் 64 ஆயிரம் கட்டளைகள் வரை நிற்கலாம். சுழலும் டிஸ்க் நொடிக்கு நூறு, இருநூறு வேலை செய்த காலத்தில் எல்லோரும் ஒரே லாக் முன்னால் வரிசையில் நின்றாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. நொடிக்கு லட்சக்கணக்கில் செய்யும் எஸ்எஸ்டி வந்ததும் அந்த லாக்கே நெரிசலாகிவிட்டது. 2014 ஜனவரியில் வந்த லினக்ஸ் 3.13, ஃபைல் சிஸ்டத்துக்கும் டிரைவருக்கும் நடுவே நின்று படி, எழுது என்ற ரிக்வெஸ்ட்டுகளைக் கையாளும் பிளாக் லேயரை, கோருக்கு ஒரு வரிசை என்று பிரிக்கும் புதிய வடிவில் கொண்டுவந்தது. கவுன்டர் ஒன்றாக இருந்தபோது தானாகக் கிடைத்த ஒழுங்கை, பல கவுன்டர்கள் வந்தபின் எழுதித்தான் நிலைநாட்ட வேண்டியிருக்கிறது.

கேள்வி: என் டிரைவரில் 10 மில்லி செகண்ட் ஸ்லீப் போட்டேன். பக் போய்விட்டது. பேட்ச் அனுப்பலாமா? – மென்பொருள் பொறியாளர்

பதில்: அனுப்பாதீர்கள். பக் போகவில்லை, தள்ளிப் போயிருக்கிறது. உங்கள் மேசையில் 10 மில்லி செகண்ட் போதும். பளு ஏறிய சர்வரில், சூடாகி வேகம் குறைந்த எஸ்எஸ்டியில் அது போதாது. அன்று அது உங்கள் மேசையில் நடக்காது, வாடிக்கையாளரின் மேசையில் நடக்கும்.

ஆனால் அந்த ஸ்லீப்பை வீசிவிடாதீர்கள். தேடும்போது அதைவிட நல்ல கருவி இல்லை. சந்தேகப்படும் இரண்டு வரிகளுக்கு நடுவே தாமதம் போட்டுப் பாருங்கள். ஆயிரத்தில் ஒருமுறை வந்த பக், பத்தில் ஒருமுறை வரத் தொடங்கினால் இடம் தெரிந்துவிட்டது. ஸ்லீப் நோயைக் காட்டும் எக்ஸ்ரே. அதையே மருந்தாகக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: பிரிண்ட் வரி சேர்த்தால் பக் மறைகிறது, எடுத்தால் வருகிறது. பைத்தியம் பிடிக்கிறது! – அதே பொறியாளர்

பதில்: பிரிண்ட் செய்வதற்கும் நேரம் பிடிக்கிறது, அதற்குள்ளும் லாக் இருக்கிறது. நீங்கள் எட்டிப்பார்ப்பதே இரண்டு கைகளின் நேரத்தையும் மாற்றிவிடுகிறது. இனி பிரிண்ட் வேண்டாம். நடந்ததை மெமரியிலேயே குறித்துவைக்கும் எஃப்டிரேஸைப் பயன்படுத்துங்கள். பிளாக் லேயரின் போக்குவரத்துக்கென்றே பிளாக்டிரேஸ் இருக்கிறது. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் எந்தக் கோரில், எந்த நேரத்தில், எந்தக் கைக்கு மாறியது என்று பிறகு நிதானமாகப் படிக்கலாம். ஒன்றை மனதில் வையுங்கள்: பிரிண்ட் சேர்த்ததும் மறைகிறது என்பதே ஒரு தடயம். அது லாஜிக் பிழையாக இருந்தால் மறைந்திருக்காது.

கேள்வி: இப்படி ஒரு பக் உண்மையில் யாருடைய டேட்டாவையாவது அழித்திருக்கிறதா, இல்லை பாடப்புத்தகத்து பயமா? – கல்லூரி மாணவி

பதில்: அழித்திருக்கிறது. 2018 அக்டோபர் 22 அன்று லினக்ஸ் 4.19 வெளியானது. அடுத்த வாரங்களில் அதைப் போட்ட சிலர், ஃபைல் சிஸ்டம் சிதைகிறது என்று புகார் சொல்லத் தொடங்கினார்கள். பிழைச் செய்தியைக் காட்டியது எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். ஆகவே எல்லா விரலும் எக்ஸ்ட்4 பக்கம் நீண்டது. அதன் பராமரிப்பாளர் டெட் சோ தன் சோதனைகளை ஓட்டிப் பார்த்தார், அங்கே எதுவும் சிக்கவில்லை.

சிக்காததற்குக் காரணம், குற்றம் ஒரு மாடி கீழே நடந்துகொண்டிருந்தது. பிளாக் லேயரில் ஒரு குறுக்குவழி இருந்தது: ரிக்வெஸ்ட்டை வரிசையில் நிறுத்தாமல் நேராக டிரைவரிடம் நீட்டிப் பார்ப்பது. எஸ்சிஎஸ்ஐ டிரைவர் அதை வாங்கி, மெமரியில் எந்தெந்தத் துண்டுகளுக்கு டேட்டா போக வேண்டும் என்று பட்டியல் போட்டுவிடும். அதன்பிறகு ‘டிவைஸ் பிஸி, பிறகு வா’ என்று திருப்பி அனுப்பும். திரும்பி வந்த ரிக்வெஸ்ட் சாதாரண வரிசையில் போய் நிற்கும். அந்த வரிசையில், பக்கத்து இடங்களுக்கான ரிக்வெஸ்ட்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது பிளாக் லேயரின் பழைய சிக்கனம். சேர்ந்ததும் ரிக்வெஸ்ட் பெரிதாகிவிட்டது, பட்டியல் பழையதாகவே இருந்தது. பில் போட்டு முடித்த கூடையில் இன்னும் இரண்டு சாமான் போட்ட கதை. டிஸ்க் பில்லில் இருந்ததை மட்டும் கொடுத்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்றது. மீதி மெமரியில் முன்பு கிடந்த குப்பையே கிடந்தது. அந்தக் குப்பையைப் படித்துத்தான் எக்ஸ்ட்4 அலறியது. அலறியவரைத்தான் எல்லோரும் குற்றவாளி என்று நினைத்தார்கள்.

இரண்டு கோர்கள் முட்டிக்கொள்ளும் பாடப்புத்தக ரேஸ் இது அல்ல. டிவைஸ் பிஸியாக இருக்கும் அந்தக் கணத்தில் மட்டும் தலைகாட்டும் நேரப்பிழை. ஆனால் வேர் ஒன்றுதான்: டிரைவர் தன் கை பட்டதாக நினைத்த பொருளை பிளாக் லேயர் இன்னும் தன்னுடையது என்று நினைத்தது.

கேள்வி: அதை எப்படிச் சரி செய்தார்கள்? – அதே மாணவி

பதில்: சரிசெய்த விதத்தில்தான் பாடமே இருக்கிறது. பிளாக் லேயர் பராமரிப்பாளர் ஜென்ஸ் ஆக்ஸ்போ முதலில் போட்ட பேட்ச், திரும்பி வந்த ரிக்வெஸ்ட்டின் நெற்றியில் ‘இதோடு எதையும் சேர்க்காதே’ என்று ஒரு அடையாளம் ஒட்டியது. டேட்டா சிதைவது நின்றது. ஆனால் எதை நேராக அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்ற விதிவிலக்குகள் கூடிக்கொண்டே போயின. சில நாட்களிலேயே, மிங் லெய் எழுதிய பேட்ச்சை அடிப்படையாக வைத்து ஆக்ஸ்போவே தன் முதல் திருத்தத்தை விலக்கி இரண்டாவதைப் போட்டார். ஒருமுறை டிரைவர் கைக்குப் போய்வந்த ரிக்வெஸ்ட் இனி சாதாரண வரிசைக்கே போகாது. டிஸ்பேட்ச் பட்டியல் என்ற தனி இடத்துக்குப் போகும். அங்கே சேர்ப்பது என்ற வழக்கமே கிடையாது. 2018 டிசம்பர் 8 அன்று வந்த 4.19.8-ல் பயனாளர்களுக்கு நிம்மதி கிடைத்தது.

முதல் திருத்தம், தொடாதே என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டது. இரண்டாவது, தொட முடியாத இடத்தில் பொருளைக் கொண்டுபோய் வைத்தது. முதலாவதை மறந்து ஒருவர் புதிய கோட் எழுதிவிடலாம். இரண்டாவதை மறந்தாலும் தப்பு செய்ய வழி இல்லை.

கேள்வி: எதற்கு இத்தனை பாடு? ஒரே பெரிய லாக் போட்டு எல்லாவற்றையும் பூட்டிவிடலாமே? – சுயமாக நிரல் கற்கும் இல்லத்தரசி

பதில்: நல்ல கேள்வி. லினக்ஸும் அப்படித்தான் தொடங்கியது. பல புராசஸர்களுக்கான ஆதரவு 1996-ல் 2.0-வில் வந்தபோது, கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு. ஒரு புராசஸர் உள்ளே இருந்தால் மற்றவை வாசலில் நிற்கும். அந்தப் பூட்டைக் கடைசியாகக் கழற்றி எறிந்தது 2011-ல், 2.6.39-ல். போடச் சில வரிகள், எடுக்கப் பதினைந்து ஆண்டுகள். காரணம் இதுதான்: எந்தக் கோட் எந்த டேட்டாவைக் காப்பாற்ற அந்தப் பூட்டை நம்பியிருக்கிறது என்று எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. ஒவ்வொரு டிரைவரையும் திறந்து, படித்து, ஊகித்து, மாற்ற வேண்டியிருந்தது.

வீட்டுக்கு ஒரு பூட்டு போடும்போது ‘கதவுக்கு’ என்று போடுவோம். கெர்னலில் லாக் போடும்போது ‘இந்த டேட்டாவுக்கு’ என்று போடுங்கள். கோடுக்குப் பூட்டு போட்டால் ஒருநாள் வேறு வாசல் வழியாக யாராவது வருவார்கள்.

கேள்வி: ஸ்பின்லாக் போட்டும் சிஸ்டம் அப்படியே உறைந்துவிடுகிறதே? – எம்பெடெட் பொறியாளர்

பதில்: உங்கள் இன்டரப்ட் ஹேண்ட்லரும் அதே லாக்கைக் கேட்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் கோட் லாக்கைப் பிடித்திருக்கும்போது அதே கோரில் இன்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் லாக்குக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். லாக்கை வைத்திருப்பவரோ ஹேண்ட்லர் முடிந்தால்தான் எழுந்திருக்க முடியும். அறைச் சாவி அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. ஹேண்ட்லரோடு பகிரும் லாக்கை, அந்தக் கோரில் இன்டரப்ட்டுகளை நிறுத்திவைக்கும் வடிவத்தில் பிடியுங்கள். பிடித்திருக்கும் நேரத்தில் தூங்கக்கூடிய எதையும் கூப்பிடாதீர்கள்.

இரண்டு லாக்குகள் இருந்தால் எல்லோரும் ஒரே வரிசையில் பிடிக்க வேண்டும். 2006-ல் இங்கோ மோல்னார் கொண்டுவந்த லாக்டெப் இதற்காகவே இருக்கிறது. ‘முதலில் இது, பிறகு அது’ என்று கெர்னல் பிடித்த வரிசைகளை நினைவில் வைத்துக்கொண்டு, எங்காவது தலைகீழாகப் பிடித்தால் உடனே சொல்லும். சிஸ்டம் உறைந்து போகும் வரை அது காத்திருக்காது. இதை ஆன் செய்யாமல் டிரைவர் எழுதுவது, விளக்கை அணைத்துவிட்டு ஊசியில் நூல் கோர்ப்பது.

கேள்வி: வேரியபிளுக்கு வோலடைல் போட்டால் போதாதா? – கல்லூரி விரிவுரையாளர்

பதில்: போதாது. சி மொழியில் அது கம்பைலரின் கையை மட்டும்தான் கட்டும். சிபியு தன் இஷ்டத்துக்கு வரிசை மாற்றுவதை அது தடுக்காது. இரண்டு செயல்களை ஒன்றாக்கவும் செய்யாது. மாணவர்களுக்கு இதை முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: சிபியு வரிசை மாற்றுமா? நான் எழுதிய வரிசையில்தானே ஓட வேண்டும்? – கல்லூரி மாணவர்

பதில்: இந்தச் சந்தேகத்துக்கு விடையாக ஒரு உண்மைக் கதை இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

என்விஎம்இ டிஸ்க்குக்கு வேலை கொடுக்க, கட்டளையை மெமரியில் எழுதிவிட்டு ‘டோர்பெல்’ என்ற ரிஜிஸ்டரைத் தட்ட வேண்டும். விர்ச்சுவல் மெஷினில் அந்த மணியை ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் கன்ட்ரோல் அந்த மெஷினைத் தாங்கும் ஹோஸ்ட் கம்ப்யூட்டருக்குத் தாவும், செலவு அதிகம். அதனால் 2017-ன் என்விஎம்இ 1.3 தரத்தில் நிழல் டோர்பெல் வந்தது. மணி அடிப்பதற்குப் பதில் மெமரியில் ஒரு பலகையில் எழுதினால் போதும், ஹோஸ்ட் விழித்திருந்தால் தானே பார்த்துக்கொள்ளும். தூங்கப்போவதாக இருந்தால் ‘இனி மணி அடி’ என்று இன்னொரு இடத்தில் குறித்துவைக்கும்.

ஒரு ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். சர்வர் ஆர்டரைச் சிலேட்டில் எழுதுகிறார், பிறகு மாஸ்டரின் அட்டையைப் பார்க்கிறார். ‘மணி வேண்டாம்’ என்றால் போய்விடுவார், ‘மணி அடி’ என்றால் அடிப்பார். மாஸ்டர் உட்காரப் போகும்போது முதலில் அட்டையை ‘மணி அடி’ என்று திருப்புகிறார், பிறகு சிலேட்டைக் கடைசியாக ஒருமுறை பார்க்கிறார். இருவரும் எழுதிவிட்டுப் பார்க்கும் வரை ஆர்டர் தவறாது. ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் கட்டாயம் படும். சர்வர் மட்டும் முதலில் அட்டையைப் பார்த்துவிட்டுப் பிறகு சிலேட்டில் எழுதினால்? அவர் பார்த்தபோது ‘மணி வேண்டாம்’. அவர் எழுதுவதற்குள் மாஸ்டர் அட்டையைத் திருப்பி, காலிச் சிலேட்டைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். சர்வர் தோசைக்குக் காத்திருக்கிறார், மாஸ்டர் மணிக்குக் காத்திருக்கிறார். இலையில் உட்கார்ந்தவர் பட்டினி.

லினக்ஸ் டிரைவரில் எழுதிவிட்டுப் பார் என்றுதான் கோட் சொன்னது. ஆனால் சிபியு, எழுதியதை மெமரிக்கு அனுப்பாமல் தனக்குள் சிறிது நேரம் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் படிப்பை முந்தவிடும். நம் மேசைகளில் இருக்கும் எக்ஸ்86 புராசஸரும் இதைச் செய்யும். மற்ற வகை வரிசை மாற்றங்களில் கட்டுப்பாடாக இருக்கும் அது, இந்த ஒன்றை மட்டும் அனுமதிக்கிறது. விளைவு, டிஸ்க் பதிலே சொல்லாமல் உறைந்தது. 2018 ஆகஸ்ட்டில் வந்த திருத்தம் அந்த இரண்டு செயல்களுக்கு நடுவே ஒரு மெமரி பேரியர்: ‘எழுதியது வெளியே தெரியும் வரை அடுத்ததைப் படிக்காதே’ என்ற ஒரே ஒரு வரி. மேலே ஒரு விளக்கக் குறிப்பு.

அந்தத் திருத்தத்தோடு எழுதப்பட்ட விவரம் எனக்கு மிகவும் பிடித்தது. விர்ச்சுவல் மெஷினுக்கு ஒரே ஒரு சிபியு கொடுத்து, 4 என்விஎம்இ டிஸ்க் மாட்டி ஓட்டினால் 10 முதல் 20 நிமிடத்தில் உறையும். அதாவது நான்கைந்து லட்சம் வேலைகளுக்கு ஒருமுறை. திருத்திய பிறகு 36 மணி நேரம், 55 கோடி வேலைகள், ஒரு தடங்கலும் இல்லை. ஒரே கோர் என்றால் ரேஸ் வராதே என்று மேலே கேட்ட நண்பர் இதைக் கவனிக்கவும். இங்கே கோரைக் குறைத்தபோதுதான் ரேஸ் அதிகம் வந்தது. எதிர்க்கை ஹோஸ்ட்டுடையது.

கேள்வி: டிஸ்க் பதில் சொல்லாவிட்டால் டைம்அவுட். பதிலும் டைம்அவுட்டும் ஒரே கணத்தில் வந்தால்? – சிஸ்டம் அட்மின்

பதில்: டிரைவர்காரர்களின் தூக்கம் கெடுவது இங்கேதான். லினக்ஸில் எஸ்சிஎஸ்ஐ டிஸ்க்குக்கும் என்விஎம்இக்கும் வழக்கமான கெடு 30 நொடி. முப்பதாவது நொடி முடியும் தருணத்தில் ஒரு கோர் ‘இது செத்துவிட்டது’ என்று ரிக்வெஸ்ட்டைக் கையில் எடுக்கிறது. அதே நேரம் வேறொரு கோரில் இன்டரப்ட் வந்து ‘முடிந்தது’ என்கிறது. முடிந்த ரிக்வெஸ்ட்டின் எண் உடனே அடுத்த வேலைக்குப் போய்விடும். இப்போது முதல் கோர் கொல்லப்போவது யாரை?

கோயில் வாசலில் செருப்பு டோக்கன் வாங்கியிருப்பீர்கள். 27-ம் எண்ணைத் திருப்பிக் கொடுத்தவுடன் அது அடுத்தவர் கைக்குப் போகிறது. பழைய 27-க்காக ஒருவர் தாமதமாக வந்து நின்றால், கிடைப்பது வேறொருவர் செருப்பு.

லினக்ஸ் இதற்கு 2018-லேயே இரண்டு விடைகளைப் பார்த்தது. ஏப்ரலில் வந்த 4.16-ல் தேஜுன் ஹியோ எழுதிய முறை: ஒவ்வொரு டோக்கனுக்கும் தலைமுறை எண், அதைப் பாதுகாக்க ஆர்சியு என்னும் நுட்பம். சாமர்த்தியமான வேலை, ஆனால் பின்தொடர்வது கடினம். ஆகஸ்ட்டில் வந்த 4.18-ல் கீத் புஷ் அதை எடுத்துவிட்டு எளிய எண்ணிக்கையை வைத்தார். ரிக்வெஸ்ட்டை எத்தனை கைகள் பிடித்திருக்கின்றன என்று எண்ணு. கடைசிக் கை விடும் வரை அந்த டோக்கன் அடுத்தவருக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான். திருத்தம் எளிதாகிறது என்றால் பிரச்சினை புரிந்துவிட்டது என்று பொருள்.

கேள்வி: பென்டிரைவைப் பட்டென்று பிடுங்கினால் கெர்னலே விழுமா? – பத்தாம் வகுப்பு மாணவன்

பதில்: நல்ல டிரைவர் என்றால் விழாது தம்பி. ஆனால் உன் ஃபைல் கெடலாம், அதனால் பிடுங்காதே. பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் எழுந்திருக்கும் முன்பே இலையை எடுத்தால் என்ன ஆகும்? அடுத்த கவளத்துக்கு நீளும் கை வெறும் மேசையில் படும். கெர்னலில் இதற்கு ‘யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ’ என்று பெயர். மெமரியை விட்டுவிட்ட பிறகும் யாரோ அதைத் தொடுவது.

பந்தியை முடிக்க ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் வாசலில் புதியவர்களை நிறுத்து. பிறகு பரிமாறுபவர்களை நிறுத்து. உட்கார்ந்திருப்பவர்கள் எழும் வரை காத்திரு. கடைசியில் இலையை எடு. டிரைவரிலும் அதேதான்: புதிய ரிக்வெஸ்ட்டை நிறுத்து, டைமரையும் பின்னணி வேலையையும் ரத்து செய்து அவை முடியும் வரை காத்திரு, இன்டரப்ட்டை விடுவி, கடைசியாக மெமரியை விடு. ‘ரத்து செய்’ என்று சொல்வதும் ‘ரத்து செய்து, ஓடிக்கொண்டிருப்பது முடியும் வரை காத்திரு’ என்று சொல்வதும் வேறு வேறு. இந்தக் காத்திருப்பை விட்டுவிடுவதால் வரும் பக் ஏராளம்.

கேள்வி: ஃப்ளாப்பி டிஸ்க் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. அதன் டிரைவரை இன்னுமா திருத்துகிறார்கள்? – ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர்

பதில்: ஆமாம், ஐயா. விர்ச்சுவல் மெஷின்களில் ஃப்ளாப்பி இன்னும் உயிரோடு இருக்கிறது. 2022 மே மாதத்தில் வில்லி தாரோ ஒரு திருத்தம் எழுதினார். படிப்பில் பிழை வந்தால் இன்டரப்ட் ஹேண்ட்லர் ஒரு எண்ணிக்கையைக் கூட்டும். அந்த எண்ணிக்கை ரிக்வெஸ்ட்டின் உடம்பிலேயே இருந்தது. ஹேண்ட்லர் ஓடும் நேரத்தில் அந்த ரிக்வெஸ்ட் விடுவிக்கப்பட்டிருக்கலாம். ஒரு எண்ணைக் கூட்டுவதற்காகச் செத்த மெமரியில் எழுதிக்கொண்டிருந்தது டிரைவர். அவர் புதிய லாக் எதையும் போடவில்லை. எண்ணிக்கையை ரிக்வெஸ்ட்டிலிருந்து எடுத்து, டிரைவரிலேயே நிலையான இடத்தில் வைத்து, புதிய ரிக்வெஸ்ட் வரும்போது பூஜ்யமாக்கினார். பகிர வேண்டாத பொருளைப் பகிராமல் விடுவதுதான் எல்லா லாக்கையும்விட வலிமையான லாக்.

கேள்வி: திருத்திவிட்டேன், ஒரு நாள் ஓட்டினேன், வரவில்லை. போதுமா? – டெஸ்டிங் பொறியாளர்

பதில்: முன்பு எத்தனை நேரத்துக்கு ஒருமுறை வந்தது என்பதைச் சொன்னால்தான் விடை சொல்ல முடியும். சராசரியாக 10 மணி நேரத்துக்கு ஒருமுறை வந்த பக், 10 மணி நேரம் வராமல் இருப்பது வெறும் அதிர்ஷ்டமாகவே இருக்க நூற்றுக்கு 37 வாய்ப்பு. 30 மணி நேரம் வராவிட்டால் அதிர்ஷ்டத்துக்கு இடம் நூற்றுக்கு 5. குறைந்தது மூன்று மடங்கு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே பேசாதீர்கள். நிழல் டோர்பெல் கதையில் சராசரி 15 நிமிடம் என்று வைத்தால் 36 மணி நேரம் என்பது 144 மடங்கு. அது பொறுப்புள்ள சோதனை.

ஆகவே திருத்தும் முன்பே பக்கை அடிக்கடி வரவைக்கும் வழியைத் தேடுங்கள். எஃப்ஐஓ என்ற சோதனைக் கருவியை வைத்துப் பளு ஏற்றுங்கள், கோர்களைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். 2020-ல் 5.8 கெர்னலோடு வந்த, ரேஸ் தேடும் கருவியான கேசிசேனை ஓட்டுங்கள். அது ஒரு மெமரி இடத்தைத் தொடப்போகும் கோடைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, அதற்குள் வேறு யாராவது அங்கே கை வைக்கிறார்களா என்று காவல் இருக்கும். ஸ்லீப்பை எக்ஸ்ரேயாகப் பயன்படுத்துவது என்று சொன்னேனே, அதன் முறையான வடிவம் இது.

இவ்வளவுக்குப் பிறகும் சோதனை நிரூபணம் ஆகாது. ஏன் இனி வராது என்று காகிதத்தில் எழுதிக் காட்ட முடிகிறதா என்பதே கடைசித் தேர்வு.

கேள்வி: ஓட்டிப் பார்க்காமல், கோடைப் படித்தே தப்பைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லையா? – முனைவர் பட்ட மாணவி

பதில்: உண்டு. விண்டோஸ் டிரைவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் தாமஸ் பாலும் ஸ்ரீராம் ராஜாமணியும் ஸ்லாம் என்ற திட்டத்தை உருவாக்கினார்கள். லாக்கைப் பிடித்தவர் விட்டாரா, பிடித்ததையே மீண்டும் பிடிக்கிறாரா என்பது போன்ற விதிகளை, டிரைவரை ஓட்டாமலேயே அதன் எல்லாப் பாதைகளிலும் அது சரிபார்த்தது. அதிலிருந்து வந்ததுதான் ஸ்டாட்டிக் டிரைவர் வெரிஃபையர். ராஜாமணி சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். உங்கள் துறைக்கு இதைவிட நல்ல ஊக்கம் வேண்டுமா?

கேள்வி: எல்லாவற்றையும் ரஸ்ட்டில் எழுதினால் ரேஸ் ஒழிந்துவிடுமா? – ஸ்டார்ட்அப் நிறுவனர்

பதில்: பாதி ஒழியும். 2022 டிசம்பரில் 6.1 கெர்னலில் ரஸ்ட் நுழைந்தது. 2024-ல் 6.11-ல் ரஸ்ட்டில் எழுதிய முதல் பிளாக் டிரைவர், சோதனைக்கான ஒன்று, சேர்ந்தது. ஒரு பொருள் யார் கையில் இருக்கிறது என்று ரஸ்ட் கம்பைலர் கறாராகக் கேட்கும். விடை இல்லை என்றால் கோடை ஏற்காது. இரண்டு கைகள் காப்பில்லாமல் ஒரே மெமரியில் எழுதுவது அதன் பாதுகாப்பான பகுதியில் நடக்காது. ஆனால் எழுதிவிட்டு அட்டையைப் பார்க்க வேண்டும் என்ற ஓட்டல் ஒழுங்கு, பந்தியை முடிக்கும் வரிசை, இவையெல்லாம் கம்பைலருக்குத் தெரியாது. ஹார்ட்வேரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை நீங்கள்தான் படித்துக் காப்பாற்ற வேண்டும்.

கேள்வி: பேட்ச் ஒரு வரிதான். அதற்கு ஏன் இரண்டு பக்கம் விளக்கம் கேட்கிறார்கள்? – முதல் பேட்ச் அனுப்பிய இளைஞர்

பதில்: அந்த ஒரு வரி பார்ப்பதற்கு வீண் வரி போலவே இருக்கும் என்பதால். மெமரி பேரியர் எதையும் கணக்கிடாது, எதையும் எழுதாது, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஐந்து வருடம் கழித்து வேகம் கூட்ட வரும் ஒரு நல்ல பொறியாளர், இது எதற்கு என்று அழித்துவிடுவார். அவருடைய சோதனைகள் எல்லாம் தேறும். பக் திரும்பி வரும். பேரியருக்கு மேலே விளக்கக் குறிப்பு இல்லாவிட்டால் கெர்னலின் சரிபார்ப்பு ஸ்கிரிப்டே எச்சரிக்கும். அது அனுபவம் போட்ட விதி. எந்த இரண்டு கைகள், எந்த வரிசையில் வந்தால் தப்பு, எப்படி வரவைப்பது, இந்தத் திருத்தம் ஏன் தடுக்கிறது: இந்த நான்கையும் எழுதுங்கள். உங்கள் முதல் பேட்ச்சுக்கு என் மனமார்ந்த வாழ்த்து.

கேள்வி: இவ்வளவையும் மேசையில் ஒட்டிவைக்க ஒரே வரியில் தருவீர்களா? – பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: டிரைவரின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘இது இப்போது யார் கையில்?’ என்று எழுதிக்கொண்டே வாருங்கள். எழுத முடியாமல் பேனா நிற்கும் இடத்தில்தான் பக் இருக்கிறது.